22 வயதில் நகர்மன்றம், 38 வயதில் பிரதமர்: ராப் யெட்டன் ஏறிய படிகள்

கேள்வி இது: "நெதர்லாந்தில் ராப் யெட்டன் 38 வயதில் பிரதமர் ஆகிவிட்டார். நகராட்சி உறுப்பினராக இருந்தவர் என்கிறார்கள். அந்த நாட்டில் உள்ளூர் அரசியலில் இருந்து பிரதமர் பதவிவரை ஒருவர் எப்படிப் போகிறார்? ஏதாவது குறுக்குவழி உண்டா?"

குறுக்குவழி எதுவும் இல்லை. ஆனால் அந்த ஏணி வேறு மாதிரியானது. அதைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய வயதை மட்டும் பார்த்தால் அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றும்.

முதலில் தேதிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது 25 மார்ச் 1987, வட பிராபன்ட் மாகாணத்தின் ஃபெக்கல் ஊரில். நைமேகனில் உள்ள ராட்பவுட் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் படித்தார். 2008ல் நடுநிலைத் தாராளவாதக் கட்சியான டி66இன் இளைஞர் அமைப்பான 'இளம் ஜனநாயகவாதிகள்' அமைப்புக்குத் தலைவர். 2010ல் நைமேகன் நகர்மன்ற உறுப்பினர், பிறகு அதே மன்றத்தில் கட்சிக் குழுத் தலைவர். 2017ல் நாடாளுமன்றக் கீழவை. 2018 அக்டோபரில் அங்கே கட்சிக் குழுத் தலைவர். 2022 ஜனவரியில் காலநிலை, எரிசக்தி அமைச்சர். 2023 ஆகஸ்டில் கட்சித் தலைவர். 29 அக்டோபர் 2025 தேர்தலில் டி66 முதலிடம். 23 பிப்ரவரி 2026 அன்று பிரதமர். அவருக்கு முன் மிக இளைய பிரதமர் என்ற பெயர் ரூட் லுபர்ஸிடம் இருந்தது. 1982ல் அவர் பதவியேற்றபோது வயது 43.

இந்தப் பட்டியலில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் நகர்மன்றத்தில் கழிந்த ஏழு வருடம். பிறகு வந்த வெற்றிகளையும் தோல்விகளையும் புரிந்துகொள்ள அந்த ஏழு வருடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நெதர்லாந்தில் 342 நகராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம், நான்கு வருடத்துக்கு ஒரு தேர்தல். மக்கள்தொகையைப் பொறுத்து 9 இடத்தில் தொடங்கி 45 இடம்வரை. நைமேகனுக்கு 39. வார்டு என்பதே கிடையாது. முழு நகரமும் ஒரே தொகுதி. வாக்காளர் கையில் கிடைப்பது மேஜையையே மூடுகிற பெரிய தாள். அதில் கட்சிக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு பத்தியிலும் வேட்பாளர்கள் வரிசையாக. சிவப்புப் பென்சிலால் ஒரே ஒரு பெயருக்குப் பக்கத்தில் உள்ள வட்டத்தை நிரப்ப வேண்டும். அந்த வாக்கு முதலில் கட்சியின் கணக்கில் சேர்கிறது. செல்லுபடியான மொத்த வாக்கை 39ஆல் வகுத்தால் வருவதுதான் ஓர் இடத்தின் விலை. அத்தனை விலை கொடுத்த கட்சிக்கு அத்தனை இடம். மீதியை சராசரி முறையில் பங்கிடுவார்கள். கட்சிக்கு ஆறு இடம் என்றால் பட்டியலில் முதல் ஆறு பேர் உள்ளே. கீழே இருக்கும் ஒருவர் தன் சொந்தப் பெயரில் அந்த விலையின் கால்பங்கு வாக்கை வாங்கிவிட்டால் மேலே இருப்பவரைத் தாண்டி உள்ளே வரலாம். 19 இடத்துக்குக் குறைவான சின்ன மன்றங்களில் பாதி விலை வேண்டும்.

ஆகவே ஓர் இளைஞருக்கு வாசல் திறப்பது கட்சிப் பட்டியலில் அவருக்குக் கிடைக்கும் எண். பணமோ, பகுதிச் செல்வாக்கோ, சாதி பலமோ அந்த இடத்தில் பெரிதாக வேலை செய்வதில்லை. கட்சிக் கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்து, தேர்தல் அறிக்கைக்கு வரி எழுதி, துண்டறிக்கை கொடுத்து, உறுப்பினர்களுக்கு முகம் தெரிந்தவராக இருந்தால் 22 வயதிலும் நல்ல எண் கிடைக்கும். 3 மார்ச் 2010 நகராட்சித் தேர்தலின்போது யெட்டனுக்கு 23 ஆக இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இதில் அங்கே வாழும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்கள் டச்சுக் குடியுரிமை இல்லாவிட்டாலும், தொடர்ந்து ஐந்து வருடம் சட்டப்படி வசித்திருந்தால் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், நிற்கவும் செய்யலாம். நாடாளுமன்றத் தேர்தலுக்கு இது பொருந்தாது.

நகர்மன்றப் பதவி முழுநேர வேலை இல்லை. மாதப் படித்தொகை உண்டு, அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. வாரத்தில் இரண்டு வேலைநாள் அளவுக்கு நேரத்தைத் தின்றுவிடும். கூட்டங்கள் மாலையில், இரவுவரை நீளும். யெட்டன் பகலில் ப்ரோரெயிலில் வேலை பார்த்தார். ரயில் தண்டவாளங்களைப் பராமரிக்கும் அரசு நிறுவனம் அது. பலர் இந்த இரட்டை வாழ்க்கையைத் தாங்க முடியாமல் ஒரே பதவிக்காலத்தோடு விலகிவிடுகிறார்கள். குறிப்பாகக் கைக்குழந்தை உள்ளவர்கள். இது அந்த அமைப்பின் உண்மையான குறை. இளம் வயதில் தனி ஆளாக உள்ளே வருபவர்களுக்கு இதனால் இயல்பாகவே ஒரு சாதகம் கிடைக்கிறது.

மன்றத்துக்குள் வேலை எப்படி நடக்கிறது? அன்றாட நிர்வாகம் மேயரிடமும் 'வெட்ஹவுடர்' எனப்படும் நகராட்சி நிர்வாகிகளிடமும் இருக்கிறது. 2002 முதல் வெட்ஹவுடர் ஆனவர் மன்ற உறுப்பினராகத் தொடர முடியாது. மன்றம் தனி, நிர்வாகம் தனி. உறுப்பினர் கையில் இருக்கும் கருவிகள் சில: எழுத்துக் கேள்வி, வாய்மொழிக் கேள்வி, தீர்மானம், திருத்தம், சொந்த முன்மொழிவு, கடைசியாக நம்பிக்கையில்லாத் தீர்மானம். இவற்றில் தீர்மானத்துக்கும் திருத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் புதியவர்கள் அடிக்கடி ஏமாந்து போவார்கள். தீர்மானம் என்பது வேண்டுகோள், நிர்வாகம் அதை நிறைவேற்றாமல் விளக்கம் சொல்லி முடித்துவிடலாம். திருத்தம் முடிவின் வாசகத்தையே மாற்றுகிறது, அதனால் கட்டுப்படுத்தும். சைக்கிள் பாதைக்கு நிதி வேண்டுமென்றால் தீர்மானம் போட்டுக் கைதட்டல் வாங்குவதில் பயனில்லை. பட்ஜெட் கூட்டத்தில் எந்தத் தலைப்பிலிருந்து எவ்வளவு எடுத்து எங்கே வைப்பது என்று எண்ணோடு எழுதிய திருத்தம் வேண்டும், அதற்கு 20 வாக்கும் வேண்டும். 39ல் 20. எந்தக் கட்சிக்கும் தனியாக அந்த 20 இருப்பதில்லை. ஆகவே கூட்டத்துக்கு முந்தைய நாட்களில் மற்றக் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து, ஒரு வார்த்தையை விட்டுக்கொடுத்து இரண்டு வாக்கை வாங்குவதுதான் நகர்மன்ற உறுப்பினரின் அசல் தொழில்.

யெட்டன் இருந்த காலத்து நைமேகன் இதற்கு நல்ல பயிற்சிக்களம். இடதுசாரிகள் அதிகம் என்பதால் 'வால் ஆற்றங்கரை ஹவானா' என்று செல்லப்பெயர் பெற்ற ஊர். அந்த வருடங்களில்தான் எதிர்க்கரையில் உள்ள லென்ட் பக்கம் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, வெள்ளம் போகப் பக்கக் கால்வாய் வெட்டினார்கள். 2013ல் புதிய பாலம் திறந்தது. அதைவிடக் கனமான விஷயம் 1 ஜனவரி 2015. அன்று முதல் இளையோர் பராமரிப்பு, முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான அன்றாட ஆதரவு, வேலைத்திறன் குறைந்தோருக்கான வேலை ஆதரவு ஆகியவற்றின் பெரும்பகுதி மத்திய அரசிடமிருந்து நகராட்சிகளின் கைக்கு வந்தது. பொறுப்பு முழுதாக வந்தது, பணம் வெட்டப்பட்டு வந்தது. நகராட்சி வருமானத்தில் பெரும்பங்கு மத்திய அரசு தரும் நிதியாக இருக்க, சொந்த வரி சொத்துவரி போன்ற சிலவே. அரசும் நாடாளுமன்றமும் இருக்கும் ஹேகில் ஒரு வரி எழுதினால் நகரத்தில் எந்தப் பாட்டியின் வீட்டு உதவி நேரம் குறைகிறது என்பதை அந்த வருடங்களில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு உறுப்பினரும் நேரடியாகப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் நைமேகனில் இருந்தது. நகர்மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் மேயர். யெட்டன் உள்ளே நுழைந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் டோம் டெ கிராஃப், அதே டி66 கட்சி. டச்சு மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மன்றம் பரிந்துரைக்க, அரச ஆணையில் ஆறு வருடத்துக்கு நியமிக்கிறார்கள். இந்த நியமன முறை அரசியல் சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அதை நீக்கி, நேரடித் தேர்தலுக்கு வழிசெய்ய வேண்டும் என்பது டி66 கட்சியின் பழைய கனவு. டெ கிராஃப் அமைச்சராக இருந்து கொண்டுவந்த அந்தத் திருத்தம் 2005 மார்ச்சில் மேலவையில் தோற்றது, அவர் பதவி விலகினார். இரண்டு வருடம் கழித்து நியமன முறையிலேயே நைமேகன் மேயரானார். 13 வருடத்துக்குப் பிறகு, 2018 நவம்பரில், அதே விதியைச் சாசனத்திலிருந்து எடுக்கும் மசோதா மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு நிறைவேறியது. சாசனத் திருத்தம் இரண்டு முறை நிறைவேற வேண்டும். அந்த இரண்டாம் முறையில் மசோதாவைச் சுமந்து வாதாடியவர் யெட்டன். நடைமுறையில் மேயர் நியமனம் இன்றும் மாறவில்லை. மாற்ற வேண்டுமென்றால் இனி சாதாரணச் சட்டம் போதும், அவ்வளவுதான். ஆனாலும் நகர்மன்றத்திலிருந்து நாடாளுமன்றம்வரை ஒரே விஷயம் ஒருவர் கூடவே வருவது எப்படி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

நாடாளுமன்றத்துக்குப் போவதும் அதே பட்டியல் முறைதான். 150 இடம், நாடு முழுக்க ஒரே கணக்கு. 2017 மார்ச் 15 தேர்தலில் ஓர் இடத்தின் விலை சுமார் 70,100 வாக்கு. தனி வாக்கால் தாண்டி வர அதில் கால்பங்கு, சுமார் 17,500. டி66 கட்சி 19 இடம் பெற்றது. பட்டியலில் வேட்பாளர் வரிசையை உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்வது அந்தக் கட்சியின் வழக்கம். இளைஞர் அமைப்பும் நகர்மன்றமும் தந்த முகப்பழக்கம் இங்கே உதவுகிறது. 23 மார்ச் 2017 அன்று யெட்டன் உறுதிமொழி எடுத்தபோது 30 வயதுக்கு இரண்டு நாள் பாக்கி.

அடுத்த பத்தொன்பது மாதம் காலநிலை, எரிசக்தி என்று அவர் பார்த்த துறைகள் பிறகு அவருடைய அடையாளமே ஆயின. 2018 டிசம்பரில் கீழவையில் நிறைவேறிய காலநிலைச் சட்டத்தில் அவரும் ஒரு முன்மொழிவாளர். ஆளும் கட்சிகளும் எதிர்க்கட்சிகளும் சேர்ந்து கையெழுத்திட்ட சட்டம் அது. பசுமைக்குடில் வாயுக்களை 2030க்குள் 1990ஐவிட 49 சதவீதம் குறைப்பது, 2050க்குள் 95 சதவீதம் என்பது அதில் அன்று எழுதிய இலக்கு. மேலவை 2019 மே மாதம் ஒப்புக்கொண்டது.

அதற்கு நடுவில், 9 அக்டோபர் 2018 அன்று, அதுவரை டி66 தலைவராக இருந்த அலெக்சாண்டர் பெக்டோல்ட் விலக, 31 வயதில் யெட்டன் கீழவைக் குழுத் தலைவர். இங்கே ஒரு பிசகு நடந்தது. முதல் நாட்களில் நிருபர்கள் என்ன கேட்டாலும் தயார் செய்து வைத்த அதே வாக்கியங்களையே திரும்பத் திரும்பச் சொன்னார். 'ரோபோ யெட்டன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காரணம் திறமைக் குறைவு அல்ல. அன்றைய பிரதமர் மார்க் ருட்டேயின் மூன்றாவது அமைச்சரவைக்கு 150ல் 76 இடம், அதாவது ஒரே ஓர் இடம் கூடுதல். நான்கு கட்சிக் கூட்டணி. ஒரு வார்த்தை பிசகினால் அரசே ஆடும் நிலையில் புதிய தலைவர் ஒப்புதல் வாங்கிய வாசகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இயல்பு. நகர்மன்றத்தில் பேரம் பேசக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் மைக் முன்னால் நிற்கும் பழக்கம் அங்கே கிடைக்காது. அங்கே எத்தனை கேமரா வரும்? காலநிலையை விடாமல் பேசியதால் 'நச்சரிப்பவர்' என்ற பட்டமும் 2019ல் கூட்டணிக்குள் இருந்தே வந்தது. அதை அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டு தன் கொடியாக்கிக்கொண்டார். அது அவருக்குக் கைகொடுத்தது. 2021 தேர்தலுக்கு டி66 பட்டியலின் முதல் இடம் அதே கட்சியின் சிக்ரிட் காகிடம் போனது. டி66 24 இடம் பெற்றது.

10 ஜனவரி 2022 அன்று அமைச்சரானபோது கையில் இருந்தது 35 பில்லியன் யூரோ காலநிலை நிதித் திட்டம். ஆறு வாரத்தில் உக்ரைன் போர் வெடித்தது, எரிவாயு விலை எகிறியது. காலநிலை அமைச்சரே நிலக்கரி மின்நிலையங்களின் உற்பத்திக் கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டி வந்தது. 2023க்கு வீடுகளுக்கு விலை உச்சவரம்பு போட்டார்கள்: எரிவாயு 1,200 கன மீட்டர்வரை கன மீட்டருக்கு 1.45 யூரோ, மின்சாரம் 2,900 யூனிட்வரை யூனிட்டுக்கு 40 சென்ட். அதற்கு மேல் சந்தை விலை. வரம்பு ஏன் அந்த அளவில்? சாதாரண வீடு அடங்க வேண்டும், ஆனால் சேமித்தால் லாபம் என்ற எண்ணமும் மிஞ்ச வேண்டும். காற்றுப் புகும் பழைய வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு 1,200 போதவில்லை என்ற குறை நியாயமானதே.

அவர் தோற்ற ஒரு மசோதாவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், அதில்தான் பாடம் அதிகம். கூரையில் சூரியத் தகடு வைத்தவர் கோடையில் மிச்சமாகி வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டை, குளிர்காலத்தில் வாங்கும் ஒரு யூனிட்டோடு முழு விலைக்குக் கழித்துக்கொள்ளலாம். டச்சில் இதற்கு 'சால்டேரிங்' என்று பெயர். தகடு பரவ இது பெரிதும் உதவியது. ஆனால் கோடை மதியத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பும் மின்சாரத்துக்குச் சந்தையில் விலை கிட்டத்தட்ட இல்லை, குளிர்கால மாலையில் விலை உயர்வு. அந்த வித்தியாசத்தை மின் நிறுவனம் தன் எல்லா வாடிக்கையாளர் மீதும் ஏற்றுகிறது, தகடு இல்லாதவர் மீதும். யெட்டனின் மசோதா இதைப் படிப்படியாகக் குறைத்தது: 2025ல் 64 சதவீதத்தை மட்டும் கழிக்கலாம், 2031ல் பூஜ்யம். கீழவை 2023ல் ஒப்புக்கொண்டது. 13 பிப்ரவரி 2024 அன்று மேலவை நிராகரித்தது.

நடுவில் என்ன ஆனது? 2023 மார்ச் மாகாணத் தேர்தல். மேலவையை மாகாண மன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன. விவசாயிகள் கட்சி அந்தத் தேர்தலில் முதலிடம் பிடிக்க, ஆளும் நான்கு கட்சிகளுக்கு 75ல் 24 இடம்தான் மிஞ்சியது. பசுமை இடது, தொழிலாளர் கட்சிக் கூட்டணியின் 14ஐச் சேர்த்தால் சரியாக 38, பெரும்பான்மை. ஆனால் சமூக வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களின் பாதுகாப்பு போதாது என்று அவர்கள் கை கொடுக்கவில்லை. பிறகு வந்த அரசு 2027 ஜனவரி 1 முதல் முழுதாக ஒரே வெட்டில் நிறுத்திவிட்டது. படிப்படியாகக் குறைந்திருந்தால் வீட்டுக்காரர்களுக்கு நல்லதாக இருந்திருக்கும் என்பதே என் கருத்து. நைமேகனில் 20 எண்ணிய கை, ஹேகில் 38ஐ எண்ணத் தவறிய இடம் இது.

ருட்டேயின் நான்காவது அரசு 7 ஜூலை 2023 அன்று புகலிடக் கொள்கையில் கவிழ்ந்தது. யெட்டன் கட்சித் தலைவரானார். நவம்பர் 22 தேர்தலில் டி66 24லிருந்து 9க்கு விழுந்தது. அந்த மாதங்களில் அவர் காபந்து அமைச்சராகவும் கீழவை உறுப்பினராகவும் ஒரே சமயத்தில் இருந்தார். சாதாரணமாக இரண்டும் சேர்ந்து கூடாது. தேர்தலுக்குப் பின் ராஜினாமா நிலையில் இருக்கும் அமைச்சருக்கு மட்டும் சாசனம் விலக்கு தருகிறது. காக் ஐநா பணிக்குப் போனதும் 2024 ஜூலைவரை முதல் துணைப் பிரதமர் பொறுப்பும் அவரிடமே.

9 இடத்திலிருந்து 26க்கு எப்படி? 2024 ஜூலையிலிருந்து எதிர்க்கட்சி வரிசை. தீவிர வலதுசாரித் தலைவர் கெர்ட் வில்டர்ஸ் 2025 ஜூன் 3 அன்று ஆளும் கூட்டணியை உடைத்தது. நம்பிக்கையான தொனி, தேசியக் கொடியை வலதுசாரிகளிடம் விட்டுக்கொடுக்காத பிரசாரம், வீட்டுப் பஞ்சத்துக்குப் பத்துப் புதிய நகரங்கள் என்ற வாக்குறுதி. வில்டர்ஸ் கட்சிக்கும் அதே 26 இடம்தான், வாக்கில் சுமார் 30 ஆயிரம் வித்தியாசம். டி66 வரலாற்றில் இது உச்சம், ஆனால் முதலிடம் பிடித்த ஒரு டச்சுக் கட்சி இவ்வளவு குறைந்த இடத்தோடு நின்றதும் இதுவே முதல்முறை.

117 நாள் பேச்சுக்குப் பிறகு அமைந்தது சிறுபான்மை அரசு: டி66 26, வலதுசாரித் தாராளவாதக் கட்சியான விவிடி 22, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியான சிடிஏ 18. மொத்தம் 66, வேண்டியது 76. தேர்தல் முடிவுப்படி வலதுசாரி ஜேஏ21 கட்சியின் 9ஐச் சேர்த்தால் 75, ஒன்று குறையும். பசுமை இடது, தொழிலாளர் கூட்டணியின் 20ஐச் சேர்த்தால் 86, கீழவைக் கணக்கு சரியாகிவிடும். ஆனால் மேலவையில் மூன்று ஆளும் கட்சிக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, அந்த 14ஐச் சேர்த்தாலும் 38 வராது, இன்னொரு கட்சி வேண்டும். ஆகவே ஒவ்வொரு மசோதாவுக்கும் தனித்தனிக் கூட்டு. டச்சுப் பிரதமருக்கு அமைச்சர்களுக்கு ஆணையிடும் அதிகாரமும் குறைவு. வெள்ளிக்கிழமை அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை, சமமானவர்களில் முதலாமவர், அவ்வளவே. புதிய நகரம் கட்ட வேண்டுமானால் மனைத் திட்டம் நகராட்சி கையில், மாகாணத்தின் சம்மதம் வேண்டும், இயற்கைப் பகுதிகளைக் காக்கும் நைட்ரஜன் மாசு விதிகளின்படி அனுமதி வேண்டும், ஏற்கெனவே நெரிசலில் திணறும் மின்கட்டத்தில் இணைப்பும் கிடைக்க வேண்டும். அந்த நகராட்சிகள் ஒவ்வொன்றிலும் மாலைக் கூட்டத்தில் யாரோ ஓர் உறுப்பினர் திருத்தத் தாளோடு உட்கார்ந்திருப்பார்.